மூன்றாம் மாடிக் குடியேற்றம்

புதுக்கோட்டையில் ஆத்மநாதனும் அவர் மனைவி ரஞ்சிதாவும் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் குடியேறியபோது அந்தக் கட்டடத்துக்கு அஸ்திவாரம்கூடத் தோண்டவில்லை. ஆவணி மாதம், வளர்பிறை, நல்ல வெயில்.

அதே இடத்தில் முன்பு இருந்த பழைய குடியிருப்பும் அரசாங்கம் கட்டியதுதான். கூரைக் காரை பெயர்ந்து சோற்றில் விழும். பொறுக்கிப் போட்டுவிட்டுச் சாப்பிடுவார்கள். இடித்துவிட்டு அங்கேயே புதிதாகக் கட்டித் தருகிறோம் என்று அதிகாரிகள் வந்தபோது, குடியிருப்போர் சங்கத் தலைவரான ஆத்மநாதன் வீடு வீடாகப் போய்ச் சம்மதம் வாங்கினார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். கூட்டத்தை உள்ளே தள்ளிப் பழகிய குரல். வெளியே தள்ளவும் அது நன்றாகவே உதவியது. ரஞ்சிதா மட்டும் அவர் முகத்தைப் பார்க்காமல் சரி என்றாள். அதன் பிறகு அவரிடம் அதிகம் பேசவுமில்லை.

இடிக்கிற வேலை சுறுசுறுப்பாக முடிந்தது. கட்டுகிற வேலைக்கு அந்தச் சுறுசுறுப்பு வரவில்லை. வருஷங்கள் போயின, காலி மனையில் சீமைக்கருவேலம் ஆளுயரம் வளர்ந்தது. ஆளுக்கொரு பக்கம் வாடகைக்குச் சிதறிய ஜனங்கள், வழியில் பார்த்தால் எப்போது வீடு என்று பிடித்துக்கொண்டார்கள். ஆத்மநாதன் டீ குடிக்கக்கூடச் சந்துபொந்து வழியாகப் போகக் கற்றுக்கொண்டார். இந்த மூஞ்சியை நம்பியா இத்தனை குடும்பமும் கிளம்பியது என்று சவரம் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்துத் தானே கேட்டுக்கொள்வார்.

கடைசியில், ஆவணிக்குள் சாவி என்று ஓர் அதிகாரி பேச்சுவாக்கில் சொல்ல, நம் தலைவர் சும்மா இருக்கமாட்டாமல் முகூர்த்தம் குறித்துப் பத்திரிகையும் அடித்துவிட்டார். ஆவணி வந்தது, கட்டடம் வரவில்லை. ஆனால் பத்திரிகை வைத்து அழைத்த விசேஷத்தை நிறுத்திப் பழக்கமில்லாத ஊர் இது. கந்தர்வக்கோட்டையிலிருந்தெல்லாம் சொந்தக்காரர்கள் வந்திறங்கினார்கள். முள்ளை வெட்டி, செங்கல் கூட்டி அடுப்பு வைத்து, வெட்டவெளியில் பால் காய்ச்சினார்கள். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கியது.

"நம்ம வீடு எத்தனாவது மாடிங்க?" என்று ரஞ்சிதா கேட்டாள்.

"மூணாவது," என்றார் ஆத்மநாதன், தலையைக் குனிந்தபடி.

அவள் பால் சட்டியை எடுத்துக்கொண்டு, வலது காலை முதலில் வைத்து, இல்லாத படிகளில் ஏறிப் போனாள். விழுந்தால் பிடிக்கலாம் என்று கையை நீட்டிக்கொண்டு நின்றவர், அவள் மேலே போய் உட்கார்ந்துவிட்டதும் வேறு வழியில்லாமல் பின்னால் ஏறினார். பழைய குடியிருப்பில் அவர்களுக்குக் கீழ்வீட்டில் இருந்த ரசியா பேகம் சாம்பிராணிப் புகையோடு இரண்டாம் மாடிக்குப் போனாள். அந்திக்குள் அத்தனை குடும்பமும் அவரவர் உயரத்தில் சட்டி பானையை அடுக்கிவிட்டது. வந்த விருந்தாளிகள் கீழே சாப்பிட்டுவிட்டு, சாம்பாரில் உப்பு தூக்கல் என்று சொல்லிக்கொண்டே பஸ் ஏறினார்கள்.

மறுநாள் அரசாங்க இன்ஜினீயர் அரவிந்த்குமார் வந்து அண்ணாந்து பார்த்தார். பணி முடியாமல் குடியேறியது விதிமீறல் என்றார். பிறகு சற்று யோசித்து, குடியேறிவிட்டபடியால் பணி முடிந்ததாகவே கொள்ளலாம் என்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார். இனி அங்கே யாரும் கட்ட வரப்போவதில்லை என்பது ஆத்மநாதனுக்குப் புரிந்தது. தன் அவசரத்தால் எல்லோருடைய வீடும் போயிற்று என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் ரஞ்சிதாதான் பேச்சை எடுத்தாள்.

"காத்து நல்லாத்தான் வருதுங்க. முதுகு சாய ஒரு சொவருதான் இல்ல."

ஆத்மநாதன் எழுந்து போய், அவளுக்குப் பின்னால் முதுகைக் காட்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். "சாஞ்சுக்க," என்றார். அவள் சாய்ந்தாள். தலைவராக எதற்கும் உதவாத மனிதர் சுவராக ஒருவாறு தேறினார்.

இப்போது பொழுது சாய்ந்தால் எல்லா மாடியிலும் இரண்டிரண்டு பேராக அப்படித்தான் உட்காருகிறார்கள். மழைக்காலத்தில் குடை பிடித்துக்கொள்கிறார்கள்.