அரைக்கட்டை

அந்த மத்தியானம் என் விரல்கள் எந்தக் கட்டையில் விழுந்தன என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஹாலில் இருந்த நானூறு பேருக்கும் தெரியும். அவற்றை அங்கே விழ வைத்தது நானா, அல்லது பயத்தில் அவை தாமாகவே பழைய இடத்துக்குப் போய்விட்டனவா என்பதுதான் உறுதியாக இல்லை. முப்பது வருஷமாக இரண்டு விதமாகவும் நினைத்துப் பார்த்துவிட்டேன். எப்படி நினைத்தாலும் அதற்கேற்ற ஞாபகம் ஒன்று வந்து நிற்கிறது. அதனால் என்னை முழுதாக நம்ப வேண்டாம்.

மெர்வின் பெய்னனுக்குப் பதினோரு வருஷம் பியானோ வாசித்தவள் நான். பதினாலு வயதில் சுரங்கத்துக்குள் போனவர் அவர். கீழே இறங்கும் கூண்டில், இருட்டில், பக்கத்தில் நிற்கிறவர்களின் பயம் தெளிய ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பாராம். பிறகு மேடையேறினார்: எங்கள் பள்ளத்தாக்கின் கிளப்புகள், ஸ்வான்ஸீ, கோடைக்காலம் முழுக்கப் பக்கத்துப் போர்த்கால் ஊரின் கடற்கரை, கிறிஸ்துமஸுக்குக் கார்டிஃப். ஒருமுறை லண்டனுக்குப் போய் மூன்றே வாரத்தில் திரும்பி வந்துவிட்டார். "அங்க நல்லாச் சிரிக்கிறாங்க. ஆனா கூடப் பாடத் தெரியல" என்றார்.

மேடைக்கு வரும்போது காது வரை இறங்கும் பெரிய தொப்பி ஒன்றைப் போட்டிருப்பார். "இது எங்கப்பா தொப்பி. 'போட்டுக்கடா, தலை வளர்ந்துடும்'னார். நாப்பத்தாறு வருஷமா காத்துக்கிட்டிருக்கேன்." இப்படி ஆரம்பித்து முக்கால் மணி நேரம் கண்ணில் நீர் வரச் சிரிக்க வைப்பார். பிறகு ஒன்றும் சொல்லாமல் தொப்பியைக் கழற்றி பியானோ மேல் வைப்பார். ஹால் உடனே அடங்கிவிடும். அடுத்தது பாட்டு.

எங்கள் ஊரில் எல்லாச் சவ அடக்கத்திலும் பாடுகிற ஒரு துதிப்பாட்டு. மூன்று சரணம். மூன்றாவது சரணத்தில் ஹால் முழுக்க நான்கு குரலாகப் பிரிந்து சேர்ந்துகொள்ளும். அதன் கடைசி அடியில் மட்டும் எல்லோரும் நிறுத்திக்கொள்வார்கள். அந்த அடியின் உச்சஸ்தாயி மெர்வினுடையது. அதை அவருக்கு விட்டுவிட வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஒருநாளும் யாரும் மீறியதும் இல்லை.

அறுபத்தேழு நவம்பரில், ஒரு கிளப்பின் பின்னறையில், கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "டெக்வென், இன்னிக்கு சுருதிய அரைக்கட்டை இறக்கிக்கோயேன்."

"ஏன்?"

"சளி. மேல போறப்போ நூல் மாதிரி ஏதோ மாட்டுது. யாருக்குத் தெரியப் போகுது?"

இறக்கினேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. சளி போகும், பழைய கட்டைக்குத் திரும்பிவிடலாம் என்று இருந்தேன். ஈஸ்டர் வந்தபோது இன்னொரு அரைக்கட்டை. ஆகஸ்டில், போர்த்காலில், இன்னொன்று. அப்போதெல்லாம் அவர் வாயால் கேட்பதுகூட இல்லை. என்னைப் பார்த்துக் கட்டைவிரலை லேசாகக் கீழே காட்டுவார். நான் தலையாட்டுவேன். சுரங்க வாயிலில் கூண்டுக்காரனுக்குக் காட்டும் சைகை போல இருக்கும் அது.

என்ன பயம் என்று நாங்கள் பேசிக்கொண்டதில்லை. பேச வேண்டிய தேவையும் இல்லை. அவர் அப்பா தொண்டைப் புற்றில் போனவர். கடைசி ஒரு வருஷம் குரல் இல்லாமல், பள்ளிக்கூடச் சிலேட்டில் எழுதிக் காட்டித்தான் வாழ்ந்தார். அந்தச் சிலேட்டு மெர்வின் வீட்டுச் சமையலறைக் கதவின் பின்னால் இன்னும் தொங்கியது. கடைசியாக அவர் எழுதியதை யாரும் அழிக்கவில்லை. 'ஜன்னலைச் சாத்து.'

ஒருநாள் காரில் போகும்போது கேட்டேவிட்டேன்.

"டாக்டரைப் பாருங்களேன் மெர்வின்."

"பார்த்தா?"

"பார்த்தா என்னன்னு தெரியும்."

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் அப்படித்தான் தெரிஞ்சுக்கப் போனார். கழுத்துல ஓட்டை போட்டு அனுப்பிட்டாங்க. இப்ப டீ குடிக்கிறப்போ ஒரு கையால ஓட்டையப் பொத்திக்கிறார்." கொஞ்ச தூரம் போனோம். "மே மாசம் டெலிவிஷன்ல ஆறு வாரம் கொடுத்திருக்காங்க டெக். அது முடியட்டும். அப்புறம் நானே போறேன். கழுத்த நீயே பிடிச்சு இழுத்துட்டுப் போ."

அதன் பிறகு மலை இறங்கும் வரை கண்ணாடி துடைப்பான் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

கிறிஸ்துமஸுக்கு நாலாவது முறை இறக்கினேன். மொத்தம் இரண்டு கட்டை. இரவெல்லாம் அதையே எண்ணிக்கொண்டிருப்பேன். நான் இறக்கிக் கொடுக்காவிட்டால் அந்த நவம்பரிலேயே அவர் குரல் மேடையில் உடைந்திருக்கும். அவமானத்தில் என்றாலும் டாக்டரிடம் போயிருப்பார். அவருக்கும் அந்தப் பயத்துக்கும் நடுவில் மெத்தை போல நான் இருந்துகொண்டிருந்தேன்.

ஜனவரியில் நெஸ்டா, அவர் மனைவி, சந்தையில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். நெஸ்டாவுக்கு ஒரு காது கேட்காது, மறு காது பாதிதான். கையில் முட்டைக்கோஸ்.

"டெக்வென், என்கிட்ட உண்மையச் சொல்லு. அவர் குரல் நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்கு நெஸ்டா."

"காலைல இருமறாரு. கேட்டா, 'சுரங்கத்துல பாதிய நெஞ்சுலயே எடுத்துட்டு வந்துட்டேன், கம்பெனி கேட்டா திருப்பிக் கொடுக்கணும்'னு சிரிக்கிறாரு. நீ பக்கத்துல இருக்கறவ. நீ சொன்னா நான் நிம்மதியா இருப்பேன்."

"நல்லா இருக்கு" என்று மறுபடியும் சொன்னேன். அவள் நிம்மதியாகப் போனாள். அந்த முதுகை இன்றைக்கும் பார்க்கிறேன். இது மட்டும் சரியான ஞாபகம்.

மார்ச் முதல் தேதி, எங்கள் நாட்டின் புனித டேவிட் நாள், சனிக்கிழமை. ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளர்களுக்காக அவர்கள் மன்றத்து ஹாலில் மத்தியானம் மூன்று மணிக்குக் கச்சேரி. எல்லார் கோட்டிலும் அன்றைய சின்னமான பச்சை லீக் வெங்காயத் தண்டு, பெண்களுக்கு மஞ்சள் டாஃபடில் பூ. நான் பியானோவைத் துடைத்துக்கொண்டிருந்தபோது எல்ஃபெட் மேடையோரம் வந்து நின்றார். எங்கள் ஜெபக்கூடமான சேப்பலில் நாற்பது வருஷமாக அடிக்குரல் பாடுகிறவர். ஒரு படி ஏறினாலே மூச்சு வாங்கும்.

"என்ன டெக்வென், ஒண்ணரை வருஷமா இந்தப் பியானோ மலைய விட்டு இறங்கிட்டே இருக்குது போல."

நான் துணியை நிறுத்தவில்லை.

"போன கச்சேரில அந்த மூணாவது சரணத்துல எனக்கு அடியில இடமே இல்ல. இன்னும் அரைக்கட்டை இறக்கினியன்னா, நாங்கள்லாம் சுரங்கத்துக்குள்ள நின்னுதான் பாடணும்."

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்குத் தெரியாது? குழந்தைல இருந்து ஸ்வரம் படிச்ச ஊரு இது. அரைக்கட்டை எறங்கினா தெரியாதா?" மூச்சு வாங்கிக்கொண்டார். "எங்களுக்குத் தெரியும்கிறது அவருக்குத் தெரியாம இருக்கட்டும்னு நாங்க பேசறதில்ல. நெஸ்டாகிட்டயும் யாரும் சொல்லல. நீ சொல்லியிருப்பேன்னு இருந்தோம்."

"நானா?"

"பின்ன? பக்கத்துல இருக்கறவ நீதானே." என் முகத்தைப் பார்த்தவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். "சரி. நான் ஒண்ணும் கேக்கல."

அவர் போய் உட்கார்ந்தார். ஊர் முழுவதும் மெர்வினைச் சுற்றிக் கையைக் கோத்து நின்றிருந்தது. அவர் விழாமல் இருக்க என்று நினைத்து, வெளியே போகவும் வழியில்லாமல்.

அன்று மெர்வின் நன்றாகவே இருந்தார். தொப்பி, தலை, நாற்பத்தாறு வருஷம். முன் வரிசையில் நெஸ்டா கேட்காத காதையும் நீட்டிச் சிரித்தாள். நான் எதையும் கேட்கவில்லை. அடுத்து வாசிக்க வேண்டிய கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு இரண்டு கட்டை மேலே பழைய இடம். அங்கே வாசித்தால் அந்த அடியில் அவர் குரல் உடையும். நானூறு பேர் முன்னால், நெஸ்டா முன்னால். அதற்குப் பிறகு யாராலும் எதையும் மறைக்க முடியாது. அவர் என்னை வாழ்நாளில் மன்னிக்க மாட்டார். ஆனால் திங்கட்கிழமை டாக்டரிடம் போவார்.

இப்படி நான் அப்போதே நினைத்தேனா, பிற்பாடு சேர்த்துக்கொண்டேனா என்பதுதான் தெரியவில்லை.

தொப்பி பியானோ மேல் வந்து உட்கார்ந்தது. வழக்கம்போலக் கட்டைவிரலைக் கீழே காட்டினார். நான் தலையாட்டினேன். முதல் ஸ்வரக்கட்டு பழைய இடத்தில் ஒலித்தது.

மெர்வின் திரும்பினார். ஒரு நொடிதான். கோபம் இல்லை அந்த முகத்தில். கூண்டின் கயிறு அறுந்த சத்தத்தைக் கேட்டவன் அப்படிப் பார்க்கக்கூடும். பிறகு சபையைப் பார்த்துத் திரும்பிப் பாட ஆரம்பித்தார்.

முதல் சரணம் போனது. இரண்டாவதில் குரலின் ஓரம் பிய்ந்தது. மூன்றாவதில் ஹால் சேர்ந்தது. எல்ஃபெட்டின் வரிசை வெகு நாளைக்குப் பிறகு தன் இடத்தில் நின்று பாடியது. தரை அதிர்ந்தது. கடைசி அடி வந்தது. நான் கையை மெதுவாக்கினேன். எல்லோரும் நிறுத்த வேண்டிய இடம்.

மெர்வின் வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. சத்தம் வரவில்லை. காற்று மட்டும் வந்தது. அதை நான் கேட்டேன்.

ஹால் நிறுத்தவில்லை.

யார் தொடங்கினார்கள் என்று தெரியாது. பின் வரிசையில் ஒரு பெண் குரல் என்று நினைக்கிறேன். அடுத்த கணம் நானூறு பேரும் எழுந்து நின்று அந்த உச்சஸ்தாயியைப் பிடித்தார்கள். அத்தனை பலமாக, அத்தனை சுத்தமாக. அந்த ஹாலில் அதற்கு முன்பும் பின்பும் அப்படி ஒரு பாட்டை நான் கேட்டதில்லை. மெர்வினின் வாய் திறந்தே இருந்தது. பார்க்கிறவர்களுக்கு அவரும் பாடுவது போலத்தான் தெரியும். நெஸ்டாவும் நின்று பாடினாள், கன்னத்தில் கண்ணீர் ஒழுக, கணவன் குரல் ஹாலை நிறைக்கிறது என்று நினைத்துக்கொண்டு.

நிறுத்துங்கள் என்று கத்த வேண்டும் போல இருந்தது. பியானோ வாசித்தேன்.

கைதட்டல் ஓய வெகு நேரமானது. பின்னறையில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். டம்ளர் பல்லில் பட்டுக் கிணுகிணுத்தது. நான் திட்டுக்காகக் காத்திருந்தேன்.

"பார்த்தியா டெக்" என்றார் கடைசியில், கரகரவென்று. "விடமாட்டாங்க என்னை. நான் பயந்ததெல்லாம் சும்மா."

அதன் பிறகு அது அவர் நிகழ்ச்சியிலேயே சேர்ந்துவிட்டது. கடைசி அடி வந்ததும் காதில் கையை வைத்துச் சபையைப் பார்ப்பார். "சம்பளம் வாங்கறது நான், வேலை செய்யறது நீங்க" என்பார். அவர்கள் சிரித்துவிட்டுப் பாடுவார்கள். எந்த ஊரிலும் பாடினார்கள். மே மாதம் டெலிவிஷனில் பாட்டுக்கு நேரமில்லை என்று சொல்லிவிட்டார். முடிந்தபின் டாக்டரிடம் போவதாகச் சொன்னதை நான் ஞாபகப்படுத்தினேன். கோடை முடியட்டும் என்றார். அக்டோபரில் ஒருநாள் காலை தொப்பியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார், பேச்சே வரவில்லை.

கார்டிஃபில் அறுவை மருத்துவர் கேட்டார்: "எவ்வளவு நாளா இப்படி?"

மெர்வினால் பதில் சொல்ல முடியவில்லை. நெஸ்டா என் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு வருஷம்" என்றேன், அவளுக்கும் கேட்கும்படி.

மருத்துவர் பேனாவை மூடினார். "வசந்த காலத்துலயே வந்திருந்தா" என்று ஆரம்பித்து, மேலே சொல்லாமல் விட்டார். நெஸ்டா என் கையைப் பிடித்திருந்தாள். மெதுவாக விரல் விரலாக எடுத்துக்கொண்டாள்.

குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் பார்க்கப் போனேன். கழுத்தில் கட்டு. மடியில் அப்பாவின் சிலேட்டு. பழைய எழுத்தை அவரே அழித்திருந்தார். அதில் எழுதிக் காட்டினார்.

'அன்னிக்கு வேணும்னேதானே?'

எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. "ஆமா" என்றேன்.

சட்டைக் கையால் அழித்துவிட்டு மறுபடி எழுதினார்.

'இன்னும் மேல வாசிச்சிருக்கணும். அவங்களாலயும் எட்ட முடியாத அளவுக்கு.'

தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது, கழுத்திலிருந்து வந்தது காற்று மட்டும்தான்.

மெர்வின் பெய்னன் எழுபத்தொன்று பிப்ரவரியில் இறந்தார். அடக்கத்தில் அதே பாட்டைத்தான் பாடினார்கள். கடைசி அடியில் எல்லோரும் நிறுத்திக்கொண்டார்கள், யாரும் பாடவில்லை. நெஸ்டா வீட்டை விற்றுவிட்டு பாரி என்ற ஊரில் இருந்த தங்கையிடம் போனாள். என்னோடு அதற்குப் பிறகு பேசவில்லை, எண்பத்தாறில் இறந்தாள். எல்ஃபெட் நெஞ்சில் நிலக்கரித் தூசி நிறைந்து எழுபத்துமூன்றில் போனார். சுரங்கம் எண்பத்தைந்தில் மூடப்பட்டது. மன்றத்து ஹாலில் இப்போது தரைவிரிப்பு விற்கிறார்கள். நான் சேப்பலில் ஞாயிறு தோறும் வாசிக்கிறேன். பதினோரு பேர் வருகிறார்கள். புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் கட்டையிலேயே வாசிக்கிறேன்.