திரையின் இடது ஓரம்

"இன்னும் ஒண்ணும் வரலையே" என்றாள் அம்மா, இரண்டு கைகளையும் விசைப்பலகை மேல் தயாராக வைத்துக்கொண்டு.

வந்து வெகு நேரமாகியிருந்தது. கறுத்த திரையின் இடது மேல் மூலையில், பொடிப்பொடி எழுத்தில் கடவுச்சொல் கேட்டு ஒரு கோடு சிமிட்டிக்கொண்டிருந்தது. பின்னால் நின்ற மகனுக்குத் தன் மேலேயே எரிச்சல். அம்மாவின் பழைய கணினி ஆடி அசைந்துதான் எழுந்திருக்கும், ஆனால் எழுந்துவிடும். இவனுக்குத்தான் வந்த இடத்தில் கை சும்மா இருக்கவில்லை. ஆபீசில் சர்வர்களைக் கட்டி மேய்க்கிறவன் என்ற மிதப்பில், இயங்குதளத்தின் கருவான கெர்னலைத் தானே புதிதாகத் தொகுத்துக் கம்பைல் செய்து போட்டான். அம்மாவுக்கு எதற்கு இது, எதற்கு அது என்று கழித்துக்கொண்டே போனதில் திரையை இயக்கும் டிரைவர் நிரலும் கழிந்துபோயிற்று. முன்பெல்லாம் திரையின் நடுவில் கொட்டை எழுத்தோடு ஒரு பெட்டி வரும். இப்போது திரையின் புள்ளிக்கணக்கான ரெசல்யூஷன் தாறுமாறாகி, பெட்டியே காணோம்.

பார்த்துப் பார்த்து அக்கா வருகிற நாளில் இப்படி. போன மாதம் அம்மா மயங்கி விழுந்ததிலிருந்து, அவளைத் தன் வீட்டோடு கூட்டிப்போவதென்று அக்கா ஒற்றைக்காலில் நிற்கிறாள். "பேச்சு குழறல, கைகால் இழுக்கல. இன்னைக்கும் பத்திரம் மொழிபெயர்த்துக் குடுத்துதான் சாப்பிடறேன். என் வீட்டை விட்டு நான் எதுக்கு வரணும்?" என்பது அம்மாவின் கட்சி. அவள் உட்கார்ந்து வேலை செய்வதைக் கண்ணால் பார்த்தால் அக்கா அடங்கிவிடுவாள் என்று மகனும் நம்பியிருந்தான்.

"வந்தாச்சும்மா. இங்க பாரு." விரலைத் திரையின் மூலைக்குக் கொண்டுபோனான். அம்மாவின் பார்வை விரலோடு பாதி வழி வந்து நின்றுவிட்டது.

"கையை எங்கடா கொண்டு போற?"

அவன் விரலை அங்கேயே நிறுத்தினான். எழுத்து பொடியாக இருப்பதால் தெரியவில்லை என்றுதானே நினைத்தான். கை என்ன அவ்வளவு பொடியா? அவள் முகத்தை மெல்ல இடது பக்கம் திருப்பிவிட்டான்.

"அட, இங்க ஒளிஞ்சிட்டிருக்கா?" என்று சிரித்து, மளமளவென்று அடித்தாள். விரல்களில் ஒரு தடுமாற்றமும் இல்லை.

டிரைவரைச் சேர்த்து, ரெசல்யூஷனைக் குறிப்பிட்டு, மறுபடி கம்பைல் ஓடவிட்டான். அது ஓடி முடிகிறவரை அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். தலை வலப்பக்கம் படிய வாரியிருந்தது. இடப்பக்கம் சீப்பே படவில்லை. அவசரத்தில் வாரியிருப்பாள் என்று காலையில் நினைத்தது நினைவுக்கு வந்தது. எழுந்து சமையலறைக்குப் போனான். அடுப்பின் இடது பர்னரில் ஒரு பாத்திரம் கரி பிடித்து, அடி கழன்று கிடந்தது. எத்தனை நாளாகவோ. அந்த இடத்திலேயே அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

"அம்மா, உனக்கு இடது பக்கம் சரியாத் தெரியுதா?"

"எல்லாம் தெரியுது. அவ வர்றதுக்குள்ள மெஷினைச் சரி பண்ணு. அவ முன்னாடி என் மானத்தை வாங்கிடாதே."

எழுத்தை மூலையிலேயே விட்டுவைக்கலாம். அக்கா பார்த்த மாத்திரத்தில் விளங்கிக்கொள்வாள், இவன் வாய் திறக்க வேண்டியதில்லை. அப்படியும் யோசித்தான். ஆனால் கம்பைல் முடிந்ததும் கை தன்பாட்டுக்கு வேலையை முடித்தது.

அக்கா வந்து செருப்பைக் கழற்றும்போதே அம்மா கணினியைப் போட்டாள். திரை நடுவில் பெட்டி, கொட்டை எழுத்து. அம்மா அடித்தாள், திறந்துகொண்டது.

"பாத்தியாடி? மெஷினும் நல்லாருக்கு, நானும் நல்லாருக்கேன். கொஞ்சம் தண்ணி கொண்டு வா, தொண்டை காயுது."

அக்காவின் முகம் இளகியிருந்தது. தண்ணீர் கொண்டுவந்து மேஜை மேல் வைத்துவிட்டு, "பரவால்லடா தம்பி, நான்தான் ரொம்பப் பயந்துட்டேன் போல" என்றாள்.

அம்மா திரையை விட்டுத் திரும்பாமல், "தண்ணி கேட்டேனே?" என்றாள்.

டம்ளர் அவளுடைய இடது முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. அக்கா டம்ளரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பிறகு தம்பியைப் பார்த்தாள். அவன் ஒரு விரலால் டம்ளரை வலப்பக்கமாக, மேஜையோடு மேஜையாக, மெதுவாகத் தள்ளினான். விசைப்பலகையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் அம்மாவின் முகம் மலர்ந்தது.

"இதோ வந்துடுச்சே" என்று எடுத்துக் குடித்தாள்.