பட்டம் இறங்கிய வரி

பதினோரு வருஷமாகக் கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே டைப் அடித்தவள் அவள். புது அலுவலகத்தில் அவளுக்கு ஜன்னலோர இடம் என்று மேலாளரே வாக்குக் கொடுத்திருந்தார். அந்தச் சந்தோஷத்தில் யாருக்கு எந்த இடம் என்ற பட்டியலை அவளே தயார் செய்தாள். பக்கத்தை இரண்டு பத்தியாகப் பிரித்து, இடது பத்தியில் ஆட்கள், வலது பத்தியில் இடங்கள். மேலாளருக்கு நேராகத் தனி அறை, கணக்கரம்மாவுக்கு ஏசி பக்கம், தனக்கு ஜன்னலோரம், எந்நேரமும் வெளியே சுற்றும் டிரைவருக்குக் கழிப்பறைப் பக்கம். வரிக்கு வரி பிசகாமல் நின்றது.

மேலாளர் சும்மா இருப்பாரா? ஐம்பத்தாறு வயதில் தபால் வழியில் படித்து வாங்கிய பட்டத்தைத் தன் பேருக்குப் பின்னால் அவரே சேர்த்து, அச்செடுத்து, கையெழுத்துப் போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டார். பட்டம் நீளமோ நீளம். அது அடுத்த வரிக்கு இறங்க, கீழே இருந்தவர்கள் எல்லோரும் ஒரு வரி இறங்கினார்கள். வலது பத்தி மட்டும் அசையவே இல்லை.

மறுநாள் காலையில் ஜன்னலோரத்தில் கணக்கரம்மா சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். டிரைவருக்கு நேராக ஒன்றுமே இல்லை. "என்னை வேலைய விட்டே தூக்கிட்டாங்களா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். அவளுக்கு நேராகப் பழையபடி கழிப்பறை. அழுகையும் ஆத்திரமுமாக, பட்டியலைப் பிய்த்துக்கொண்டு மேலாளர் முன்னால் போய் நின்றாள்.

"சார், உங்களுக்கு ரெண்டு இடம் வந்திருக்கு. தனி அறை உங்களுக்கு. ஏசி பக்கம் உங்க பட்டத்துக்கு."

மேலாளர் உற்றுப் பார்த்தார். முகம் சுருங்கிப்போனது. பேனாவை எடுத்துப் பட்டத்தை அடித்தார்.

"சரியாப் போச்சா?"

"தாள்ல அடிச்சா மத்தவங்க மேல ஏற மாட்டாங்க சார். கம்ப்யூட்டர்ல எடுக்கணும்."

"எடுத்துடும்மா." பேனாவை மூடினார். "மூணு தடவை ஃபெயிலாகி வாங்கினது."

அவள் பட்டத்தை அழித்தாள். அத்தனை பேரும் சட்டென்று ஒரு வரி ஏறினார்கள். அவளுக்கு நேராக ஜன்னலோரம் வந்து நின்றது. அப்படியே அச்சுக்குக் கொடுத்திருக்கலாம். பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை. பட்டத்தைத் திரும்ப டைப் அடித்து, அது மேலாளரின் வரியிலேயே அடங்கும்வரை எழுத்தைச் சிறிதாக்கிக்கொண்டே போனாள். கடைசியில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, தாளை மூக்குவரை கொண்டுபோனார். வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத் தெரியுதும்மா," என்று கையெழுத்துப் போட்டார்.

அவள் ஜன்னலோரத்திலிருந்து கணக்கரம்மாவை எழுப்பப் போனாள்.