கைன்வென் அம்மா ஏறிய கார்

கைன்வென் புரோபெர்ட் வேல்ஸ் நாட்டு அரசியல்வாதி. மூடிக்கிடந்த மலைப்பக்க ரயில் பாதையைத் திறக்கவைக்க இருபது வருடம் மல்லுக்கட்டியவர். ரயில் போகிற இடத்துக்குக் காரில் போகமாட்டேன் என்று மேடைக்கு மேடை சொன்னவர், அப்படியே நடந்தும் காட்டியவர். தேர்தல் நெருங்கியபோது, காரில்லாமலே தூரம் போகலாம் என்று காட்ட, வேல்ஸிலிருந்து இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோவரை ரயிலிலேயே வந்தார். மெஸ்ஸினா நீரிணையைக் கடக்க ரயிலைக் கப்பலுக்குள் ஏற்றியதைச் சின்னப்பிள்ளை மாதிரிக் கைதட்டிப் பார்த்தாராம். அடுத்த ஊரான பகேரியாவின் ரயில் நிலையத்தில் பயணிகளைச் சந்தித்தால் பயணம் முடிந்தது.

அவருடைய கட்சிக்காக வேல்ஸில் ஓடித்திரிபவன் பேரின்பநாயகம். பலெர்மோவின் சீசா பகுதியில் இருக்கும் தன் அக்கா இராசாத்தி வீட்டில் மத்தியானச் சாப்பாடு என்று அவன்தான் ஒழுங்கு செய்தான். அக்காவின் கணவர் குணரத்தினத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. தான் வேலை செய்யும் வீட்டு எசமானியம்மா சிஞோராவிடம் கெஞ்சிக் காரை வாங்கிக் கழுவி வாசலில் நிறுத்தினார்.

"அவ ரயிலிலை போறதெண்டுதானே தம்பி சொன்னவன்," என்றாள் இராசாத்தி.

"விசர்க்கதை கதையாதை. வீட்டுக்கு வந்த பெரிய மனிசியைப் பஸ்ஸிலை ஏத்தி ஸ்டேஷனுக்கு அனுப்பினால் சனம் என்ன சொல்லும்?"

சாப்பிட்டு எழுந்த கைன்வென், ரயில், ரயில் என்று சிரித்தபடி மறுத்தார். நம்மவர்களுக்கு மறுப்பு என்பது மரியாதைக்குச் சொல்வது. அதை யார் காதில் போட்டுக்கொள்வது? "நோ ட்ரெயின், மேடம். கார், கார்," என்றபடி குணரத்தினம் அவருடைய பையைக் கையிலிருந்து பறித்து, காரின் பின்னால் வைத்துப் பூட்டினார். கைன்வென் பூட்டைப் பார்த்தார். வியர்த்துப் பூரித்து நின்ற மனிதரின் முகத்தைப் பார்த்தார். பிறகு பகேரியாவரை போகும் அந்தக் காரில் ஏறினார். குணரத்தினம் படம் எடுத்து, "எங்கள் விருந்தாளி எங்கள் காரில்" என்று ஃபேஸ்புக்கில் போட்டார். கார் சிஞோராவுடையது என்பதை எழுதவில்லை.

படம் வேல்ஸுக்குப் போனது. எதிர்க்கட்சிக்காரருக்கு அது போதாதா? ஊரெல்லாம் அந்தப் படம்தான். வானொலியில் கேட்டபோது கைன்வென் சொன்னது இவ்வளவுதான்: "எனக்குக் களைப்பாக இருந்தது. நானே விரும்பித்தான் ஏறினேன்."

அதைப் பேரின்பநாயகம் சொன்னதும் குணரத்தினம் கூனிக்குறுகிப் போனார். படத்தை அழித்தார். அழித்து என்ன?

"பையைப் பறிச்சது நீங்கள் எண்டு ஒரு வீடியோ போடுங்கோவன்," என்றாள் இராசாத்தி.

"போடத்தான் வேணும். ஆனா இஞ்சை சனம் சிரிக்கும்."

மானம் பார்த்து நாளைக் கடத்தினார். சிஞோரா வீட்டுத் தரையைத் துடைக்கும்போதும் காரில் ஏறிய கைன்வெனின் முகமே கண்ணுக்குள் நின்றது. கடைசியில் வெட்கத்தை விழுங்கி, தான் செய்ததைச் சொல்லி வீடியோ எடுத்து மைத்துனனுக்கு அனுப்பினார். உடனே அழைப்பு வந்தது.

"அத்தான், நேற்று வோட்டுப் போட்டு முடிஞ்சுது. அவ தோத்திட்டா. கொஞ்ச வோட்டாலைதான்."

குணரத்தினம் சுவர்க் கலண்டரில் நாளைப் பார்த்தார்.

"வீடியோவை அவவுக்குக் காட்டினன். உங்களைக் குறை சொல்லேல்லை. திரும்பப் பலெர்மோவுக்கு வருவாவாம். இந்தமுறை பையை நீங்களே தூக்கிக்கொண்டு வரட்டாம், ரயில் ஸ்டேஷன்வரைக்கும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். ஃபோனை மனைவியின் கையில் கொடுத்துவிட்டு, அந்த மனிதர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதார்.