ஆமைக்குப் புதுக் கண்கள்

காலை எட்டு மணிக்கு மாப்பிள்ளை கருவிப் பெட்டியோடு வந்து இறங்கியபோது, மாமியார் கராஜ் ஷட்டரைத் தூக்கிவிட்டு வாசலிலேயே நின்றிருந்தார். காலில் கான்வாஸ் ஷூ. தலையில் இறுக்கிக் கட்டிய ஸ்கார்ஃப். பழைய கார்களின் மலையேறும் ஓட்டம் சாயங்காலம் ஆறு மணிக்கு. அவர் அப்போதே தயார்.

"வாங்க மாப்பிள்ளை. டீ குடிக்கிறீங்களா?"

"முடிச்சுட்டுக் குடிக்கலாம் அத்தை. ஒரு மணி நேர வேலைதான்."

எந்தத் தைரியத்தில் அப்படிச் சொன்னோம் என்று பிற்பாடு அவனுக்கே விளங்கவில்லை. ஆனால் அவன் லிஃப்ட் மெக்கானிக். இருபது மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு காரின் இரண்டு விளக்கு எம்மாத்திரம்?

கார் அறுபது வருஷத்துப் பழசு. கூன் விழுந்த முதுகு, பாசிப் பச்சை நிறம். வீட்டில் அதற்கு ஆமை என்று பெயர். மாமியார் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் துருப்பிடித்த ஓடாக வாங்கி, பதினொரு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளை அதற்கே கொடுத்து ஓட வைத்திருந்தார். என்ஜின் கடிகாரம் மாதிரி. விளக்குதான் மோசம். அது எரிகிறதா என்று பார்க்க டார்ச் வேண்டும்.

ஓட்டத்தில் நாற்பது வண்டிக்கு மேல் சேர்ப்பதில்லை. நாலு வருஷம் காத்திருந்து, இந்த வருஷம் மாமியார் பெயர் வந்திருந்தது. கூடவே ஒரு புது விதியும் வந்திருந்தது. ஐந்தரைக்கு விளக்குச் சோதனை. தேறாவிட்டால் இடம் அடுத்த வண்டிக்குப் போய்விடும். அடுத்த வண்டி பல் வைத்தியருடையது. அதை அவர் நேற்றே பாலிஷ் போட்டுவிட்டதாகக் கேள்வி.

மாப்பிள்ளை பழைய பல்புகளைக் கழற்றினான். புது எல்.இ.டி. பல்புகள் பழைய சாக்கெட்டிலேயே கச்சிதமாக உட்கார்ந்தன. சுவிட்சைப் போட்டான்.

ஒன்றும் எரியவில்லை.

மீட்டரை வைத்துப் பார்த்தான். பன்னிரண்டு வோல்ட் காட்டியது. முன்னால் ஒரு சின்ன மைனஸ் கோடு. முனைகளை மாற்றிப் பிடித்துவிட்டோம் என்று நினைத்துத் திருப்பி வைத்தான். கோடு போய்விட்டது. மின்சாரம் வருகிறது, விளக்கு எரியவில்லை. ஃப்யூஸை மாற்றினான். சுவிட்சைப் பிரித்துச் சுத்தம் செய்தான். மணி பன்னிரண்டு ஆனது.

மாமியார் முக்காலியில் உட்கார்ந்து இருமினார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இருமினார்.

"தண்ணி வேணுமா அத்தை?"

"வேணாம் மாப்பிள்ளை. நீங்க பாருங்க."

ஒன்றரைக்கு அவன் மனைவி வந்தாள். ஓட்டத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வரைபடம் பார்ப்பது அவள் பொறுப்பு. தரையெல்லாம் ஒயரும் ஆணியும் சிதறிக் கிடந்ததையும், அம்மா உதட்டை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும் பார்த்தாள்.

"அம்மா பேசாம இருக்காங்க. காய்ச்சலா?"

"நீதானேடி சொன்ன! கல்யாணம் ஆன மறுநாளே சொன்ன. அவர் வேலை பாக்கறப்ப வாயைத் திறக்காதம்மா, நீ திறந்தா டிரைவிங் ஸ்கூல் மாதிரி இருக்கும்னு. அஞ்சு மணி நேரமா இருமிக்கிட்டு இருக்கேன்!"

"இருமினா அவருக்கு என்ன புரியும்?"

"அந்த மைனஸைப் பாத்தப்பவே புரிய வேணாமா!" மாமியார் எழுந்தார். முக்காலி விழுந்தது. "என்னய்யா மெக்கானிக் நீ? இந்த வண்டில பாடிக்குப் போறது பாசிட்டிவ் ஒயர்யா! அந்தக் காலத்து வண்டி. எல்லாம் தலைகீழ்!"

மாப்பிள்ளை கையிலிருந்த மீட்டரைக் கீழே வைத்தான். மூன்று வருஷத்தில் மாமியார் அவனை 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அவனுக்குத் தன் தலையில் தானே குட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பழைய பல்புக்கு எந்தப் பக்கம் மின்சாரம் வந்தாலும் ஒன்றுதான். எல்.இ.டி. அப்படியில்லை, தலைகீழாகக் கொடுத்தால் கல் மாதிரி இருக்கும். பேட்டரியில் எந்த ஒயர் பாடிக்குப் போகிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் தெரியாது என்று ஆகிவிடுமே என்று கேட்கவில்லை. அவன் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. மரியாதை அரை நாளைத் தின்றுவிட்டது.

"பழைய பல்பையே போட்டுடலாமா?" என்றாள் மனைவி.

"அதைப் போட்டா நேரா பல் டாக்டர் கையில சாவியைக் கொடுத்த மாதிரி," என்றார் மாமியார். "வேற வழி சொல்லுய்யா."

அந்த 'சொல்லுய்யா' அவனுக்குள் எங்கோ ஒரு சுவிட்சைத் தட்டியது. பெட்டியைக் கவிழ்த்தான். ரிலேக்கள் உருண்டன. லிஃப்ட்காரன் பெட்டியில் எப்போதும் நாலைந்து கிடக்கும். ரிலே என்பது ஒரு சுவிட்சைத் தட்டிவிட இன்னொரு சுவிட்ச். எந்தப் பக்கமிருந்து மின்சாரம் வந்தாலும் அது தட்டும். பழைய ஒயர் ரிலேயைத் தட்டட்டும், ரிலே விளக்குக்குச் சரியான பக்கத்திலிருந்து கொடுக்கட்டும்.

"அத்தை, பேட்டரிலேர்ந்து புதுசா ஒயர் இழுக்கணும். பாடியைத் தொடக் கூடாது."

"இடது பக்கம் ஒரு ஓட்டை இருக்கு. நான் போட்டது. அது வழியா விடு."

அப்புறம் யாரும் யாருக்கும் மரியாதை கொடுக்கவில்லை. "பிடி", "இழு", "அது இல்ல, பக்கத்துல", "கண்ணு எங்க இருக்கு உனக்கு?" மனைவி ஒயர் நுனிகளைச் சீவினாள். மாமியார் பானெட்டுக்குள் பாதி உடம்பைக் கொடுத்து முடுக்கினார். அவனுக்கு வியர்த்தது, பசித்தது, சிரிப்பு வந்தது. மூன்றும் ஒரே நேரத்தில்.

ஐந்து மணிக்குச் சுவிட்ச். கராஜின் பின்சுவர் பளீரென்று வெளுத்தது. சுவரில் மாட்டியிருந்த ரம்பத்தின் பல்லை எண்ணலாம்.

"ஐயோ!" என்று கத்தினார் மாமியார். பயந்து அல்ல.

சுவரில் சாக்பீஸ் கோடு போட்டு, இரண்டு விளக்கையும் திருகி ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். வேறெதையும் சோதிக்க நேரமில்லை. பறந்தார்கள்.

சோதனை ஒரு காலிக் கிடங்குக்குள் நடந்தது. ஜன்னல்களைச் சாக்கால் மூடியிருந்தார்கள். கோடியில் ஒரு கறுப்புப் பலகை, குறுக்கே வெள்ளைக் கோடு. விளக்கைத் தாழ்த்தினால் வெளிச்சம் கோட்டுக்குக் கீழே நிற்க வேண்டும். உயர்த்தினால் கோட்டுக்கு மேலே எழுதியிருப்பது தெரிய வேண்டும். வாசலில் பல் வைத்தியர் தன் சிவப்பு வண்டியில் என்ஜினை அணைக்காமல் காத்திருந்தார்.

"ஏதாவது உதவி வேணும்னா சொல்லுங்க," என்றார் இனிப்பாக.

"பல் வலிச்சா சொல்றேன்," என்றார் மாமியார்.

சோதனைக்காரர் அட்டையைப் பார்த்தார். "தாழ்த்துங்கம்மா."

கால் வைக்கும் இடத்தில் இரண்டு சுவிட்ச், ஒன்று தாழ்த்த, ஒன்று உயர்த்த. மாமியார் தாழ்த்தும் சுவிட்சை மிதித்தார். வெளிச்சம் ஜிவ்வென்று கூரைக்குப் போனது.

"தாழ்த்தச் சொன்னேன்."

மறுபடி மிதித்தார். அதே கூரைதான். "இப்ப உயர்த்துங்க." மற்றதை மிதித்தார். விளக்கு பணிவாகத் தரையைப் பார்த்தது.

சோதனைக்காரர் பேனாவைத் திறந்தார். வாசலில் சிவப்பு வண்டி ஒருமுறை உறுமியது.

"எதிர்ல வர்றவன் கண்ணு போயிடும்மா. இதை நான் விட முடியாது."

"எனக்கு எத்தனை நிமிஷம் இருக்கு?"

"ஐந்தரைக்கு முடிக்கணும். மூணு நிமிஷம்."

மாமியார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "தாழ்த்துற ரிலேயும் உயர்த்துற ரிலேயும் இடம் மாறிப் போச்சுய்யா! மஞ்சள் ஒயரைப் பிடுங்கி வெள்ளை ஒயர் இடத்துல போடு!"

அவன் ஏற்கெனவே பானெட்டைத் தூக்கியிருந்தான். மஞ்சள் வந்துவிட்டது. வெள்ளை வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தான். வந்தது. மாற்றிச் செருகினான், மறுபக்கமும் செருகினான், பானெட்டை அறைந்து மூடினான்.

"மிதிங்க!"

வெளிச்சம் கோட்டுக்குக் கீழே, பாய் விரித்த மாதிரி, அசையாமல் படுத்தது. மற்றதை மிதித்தார். பலகை முழுக்க வெளுத்தது. சோதனைக்காரர் திரும்பிப் பார்ப்பதற்குள் மாமியார் மேலே எழுதியிருந்ததை உரக்கப் படித்தார்.

"மெதுவாகச் செல்லவும்!"

"படிச்சா மட்டும் போதாது," என்றார் சோதனைக்காரர். கையெழுத்துப் போட்டார்.

மனைவி வரைபடத்தோடு முன் கதவைத் திறந்தாள். "நீ இறங்கு," என்றார் மாமியார். "வழியில ஒயர் கழண்டா வரைபடத்தை வெச்சா ஒட்டுவ? அவனை ஏறச் சொல்லு."

"நாலு வருஷமா நான்தான் கூட வரணும்னு சொல்லிட்டிருந்த!"

"அடுத்த வருஷம் வா."

"அடிப்பாவி அம்மா," என்றாள் மனைவி. வரைபடத்தை அவன் மடியில் எறிந்தாள். சிரித்துக்கொண்டேதான் எறிந்தாள்.

ஆறு மணிக்குக் கொடி அசைந்தது. ஆமை பதினேழாவதாகக் கிளம்பியது. முதல் இரண்டு மைலும் மேட்டில் பகல் ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது வளைவைத் தாண்டியதும் மலை நிழல் சட்டென்று கவிந்தது. மாமியார் உயர்த்தும் சுவிட்சை மிதித்தார்.

சாலை திறந்துகொண்டது. ஓரத்து மரங்கள் ஒவ்வொன்றாக முன்வந்து நின்றன. தொலைவில் ஒரு மைல்கல், அதன் எண்ணோடு. அதற்கும் அப்பால் அடுத்த வளைவு.

"பாருய்யா! அங்க பாரு! இலை தெரியுது!"

"தெரியுது அத்தை!"

"எத்தனை வண்டி முன்னாடி போகுது?"

"பதினாறு."

"கேட்டது எண்ணிக்கைக்கு இல்ல," என்று சொல்லி மாமியார் கியரை மாற்றினார். அவன் இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டான். வளைவு வந்தது. இருவரும் சேர்ந்து கத்தினார்கள்.