ஆடு கடித்த பஸ்

கோபம் வந்தால் சிமியோனுக்கு மூக்கு நுனி சிவக்கும் என்பது குருநகர் முழுக்கத் தெரிந்த விஷயம். அன்று காலை அது செக்கச் செவேலென்று இருந்தது. இருக்காதா பின்னே? மீசை கறுப்பாயிருந்த காலத்திலிருந்து ஓட்டிய பஸ்ஸைத் தன் கையாலேயே சுன்னாகத்துக்குக் கொண்டுபோய், இரும்பு வெட்டுகிற வளவில் விட்டுவிட்டு வா என்றால் யாருக்குத்தான் சிவக்காது!

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு மாசி மாதம். சண்டை நின்றிருந்தது. எவ்வளவு நாளைக்கு என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஐந்து வருஷமாகத் தடைபட்டிருந்த டீசலும் பெற்றோலும் கொஞ்சம் கொஞ்சமாக எட்டிப் பார்த்தன. படங்கு போட்டு மூடியிருந்த மினிபஸ்கள் றோட்டுக்கு வந்துவிட்டன. கிழட்டுப் பஸ்களை மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓட்டவேண்டிய தேவை இனி இல்லை. பஸ் சங்கம் கூடி, கிழங்களை வெட்டுவது, ஒன்றை மட்டும் நினைவாக வைத்துக் காப்பது என்று தீர்மானித்தது.

நல்ல தீர்மானம்தான். ஆனால் அந்த ஒன்று எது? சங்கத் தலைவர் கனகலிங்கம் நீலப் பஸ்ஸைக் கைகாட்டினார். அது கீறல் கூட விழாமல் மணப்பெண் மாதிரி நின்றது. சிமியோனின் பஸ்ஸுக்கோ ஒரு பக்கம் முழுக்கத் தகரம், பின்கண்ணாடி இருந்த இடத்தில் பலகை, சாரதி சீற்றின் முதுகில் பெரிய ஓட்டை, ஓட்டைக்குள்ளே தேங்காய்த் தும்பு.

"உந்த வடிவைப் பாக்க ஆர் வருவினம், சிமியோன்?" என்றார் கனகலிங்கம்.

சிமியோனுக்கு மூக்குத்தான் சிவந்தது.

வெளிக்கிட முன் அவர் ஒரு வேலை பார்த்தார். மச்சான்காரன் வள்ளத்துக்கென்று தேடி வைத்திருந்த பெற்றோலைக் கெஞ்சி வாங்கிவந்து, பஸ்ஸின் தாங்கிக்குள் கலகலவென்று ஊற்றினார். மனைவி லூர்த்தம்மா பதறிப்போனாள்.

"உங்களுக்கு மண்டையிலை ஏதும் இருக்கே? வெட்டப் போற பஸ்ஸுக்கு ஆரும் பெற்றோல் விடுவினமே?"

"அஞ்சு வரியமா மண்ணெண்ணெய் குடிச்சு இருமினது. கடைசியா ஒருக்கா நல்லதைக் குடிச்சிட்டுப் போகட்டும்," என்றார் சிமியோன். லூர்த்தம்மா பஸ்ஸுக்குள் ஏறினாள். கண்ணாடிக்கு மேலே இருந்த மாதா படத்துக்குப் புதுமாலை போட்டுவிட்டு இறங்கினாள்.

பஸ் என்ன ஓட்டம் ஓடியது! இருமல் இல்லை, புகை இல்லை. கொக்குவிலைத் தாண்டி, இணுவிலைத் தாண்டி, பெடியனைப் போலப் பறந்தது. பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த கனகலிங்கமே திணறிப் போனார். மருதனார்மடம் சந்திக்கு வந்ததுதான் தாமதம், 'புக்' என்றொரு சத்தம். நட்டநடுச் சந்தியில், சந்தைக்கு நேரே பஸ் நின்றுவிட்டது.

"நீர் வேணுமெண்டுதான் நிப்பாட்டினீர்!" என்று கத்திக்கொண்டு வந்தார் கனகலிங்கம்.

"மாதாவாணை இல்லை!"

பொனற்றைத் திறந்து பார்த்த பிறகுதான் சிமியோனுக்கு விளங்கியது. மண்ணெண்ணெய் குளிர்ந்திருந்தால் எரியாது என்பதற்காக, எண்ணெய் வரும் செப்புக் குழாயைப் புகைக்குழாயில் சுற்றிச் சூடாக்கிவைத்தது அவரேதான். ஊரிலே எல்லாரும் செய்ததுதான். அந்தச் சூட்டிலே பெற்றோல் கொதித்து ஆவியாய்ப் போனால் எஞ்சினுக்கு என்ன கிடைக்கும்? அன்பால் ஊற்றிய பெற்றோல் ஆளைக் கவிழ்த்துவிட்டது.

அதற்குள் சந்தை திரண்டுவிட்டது. கத்தரிக்காய்க் கடகத்தை அப்படியே போட்டுவிட்டு ஒரு பெண் ஓடிவந்தாள். பராசக்தி. காங்கேசன்துறையிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, அந்தச் சந்தையில் மரக்கறி விற்றுப் பிழைப்பவள்.

"ஐயோ, உது எங்கடை பஸ்ஸெல்லோ!"

விறுவிறென்று ஏறினாள். சாரதி சீற்றின் முதுகைத் தடவிப் பார்த்தாள். "இஞ்சை வந்து பாருங்கோவன், என்ரை வெள்ளைச்சி கடிச்ச இடம்!"

சிமியோனுக்கு இப்போது ஆள் தெரிந்தது. தெரியாமல் போகுமா! தொண்ணூறில், காங்கேசன்துறையில் பீரங்கிச் செல் விழுந்து சனம் ஓடிய நாளில், திரும்பத் திரும்பப் போய் ஏற்றிவந்த பஸ் இது. ஒரு பக்கம் பிய்ந்ததும் அன்றைக்குத்தான். நிற்க இடமில்லாத அந்த நெரிசலில் இவள் ஒரு ஆட்டோடு ஏறினாள். ஆட்டை இறக்கச் சொன்னார். "ஆடு இறங்கினால் நானும் இறங்குவன்" என்றாள். வழிநெடுக அந்த ஆடு அவருடைய முதுகுக்குப் பின்னால் சீற்றைத் தின்றுகொண்டே வந்தது. இந்த ஐந்து வருஷமும் தும்பு குத்தும்போதெல்லாம் அவர் அந்த ஆட்டைத் திட்டியிருக்கிறார்.

"எங்கை கொண்டு போறியள் அண்ணை?"

"வெட்ட," என்றார் சிமியோன்.

பராசக்தி சீற்றில் சப்பாணி கட்டி உட்கார்ந்தாள். "அப்ப நான் இறங்கமாட்டன்." அவளைப் பார்த்து இன்னொருத்தி ஏறினாள். பிறகு ஒரு கிழவர். காங்கேசன்துறைச் சனம் ஒவ்வொன்றாக ஏறிப் பஸ் நிரம்பிவிட்டது.

கனகலிங்கம் கையைப் பிசைந்தார். "தங்கச்சி, சொல்லுறதைக் கேளும். நினைவுக்கு நீலப் பஸ் ஒண்டை வைச்சிருக்கிறம். அதுவும் அந்தக் காலத்துப் பஸ்தான்."

"செல் விழுந்த அண்டைக்கு அது எங்கை நிண்டது?"

கனகலிங்கத்திடம் எத்தனை குறை இருந்தாலும் பொய் மட்டும் வராது. "கொட்டிலுக்கை," என்றார் மெல்ல. "புதுப் பெயின்ற் எண்டு விடேல்லை."

கனகலிங்கம் சிமியோனைப் பார்த்தார். "உது இனி ஓடுமோ?"

ஓடாது என்று சொன்னால் போதும், பஸ் இங்கேயே கிடக்கும். சிமியோனுக்கு அது தெரியும். ஆனால் இந்தப் பஸ்ஸைப் பற்றி அவர் வாயால் அப்படியொரு பழி சொல்லுவதா?

"ஓம், ஓடும். பெற்றோல் சூட்டிலை கொதிச்சிட்டுது. ஆறினால் ஓடும். சுன்னாகத்துக்கும் ஓடும்."

கனகலிங்கம் சால்வையால் முகத்தைத் துடைத்தார். "சுன்னாகத்துக்கு நீலத்தை விடுவம். இதை உந்த வேம்புக்குக் கீழை விடும். கொட்டில் ஒண்டு போடலாம்."

எஞ்சின் ஆறியது. சிமியோன் சாவியைத் திருப்பினார். ஒருமுறை செருமிவிட்டு ஸ்ராட் ஆனது. "றைற்!" என்று பராசக்தி தகரத்தில் தட்டினாள். அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு பஸ் வேம்பின் நிழலுக்குப் போய்ச் சேர்ந்தது. சிமியோன் ஸ்ரியறிங்கில் தலையை வைத்து, வெட்கமில்லாமல் அழுதார். பயமெல்லாம் கரைந்துபோன அழுகை அது. முதுகிலே தும்பு குத்தியது. குத்தட்டும்.

"வெள்ளைச்சி இருக்கிறாளோ?" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஓம் அண்ணை, குட்டியோடை நிக்கிறாள்."

"கொண்டுவந்து இஞ்சை கட்டும் தங்கச்சி. மிச்சத்தையும் தின்னட்டும்."