கழற்ற வராத மாலை

வெள்ளத்தாய் அப்பாவின் கழுத்திலிருந்து மாலையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் திரையில்தான்.

ராஜபாளையத்தில் அச்சுக்கடை வைத்திருந்த பொன்னுராஜ் கம்ப்யூட்டர் வாங்கி, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க ஆரம்பித்ததிலிருந்து அவள் அந்தக் கடையில் படவேலை பழகினாள். செத்தவர்கள் படத்துக்கு மட்டும் மாலை போட்டுப் பழகு என்று அவர் முதல் நாளே சொல்லியிருந்தார். இவளுக்கோ கை துறுதுறுத்தது. போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வுபெற்ற அப்பா சங்கிலிப்பாண்டியின் யூனிபார்ம் படத்தை ஸ்கேன் செய்து, சம்பங்கி மாலையை ஏற்றி, சட்டையில் அதன் நிழலும் விழவைத்தாள். தோற்றம், மறைவு என்று கீழே எழுத்தும் போட்டாயிற்று. பாவிமகள், அழகாக வந்திருக்கிறதென்று ரசித்துவேறு பார்த்தாள்.

மறுவாரமே அப்பா மூச்சுத் திணறி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் படுத்தார். நேற்று அவளைக் கூப்பிட்டு, "கழுத்துல என்னமோ கனக்கு தாயி, எடுத்து விடு" என்றார். அவர் கழுத்தில் ஒன்றுமே இல்லை.

விடிந்ததும் சித்தப்பா ராக்கப்பனைக் கட்டிலருகே உட்காரவைத்துவிட்டு பஸ் ஏறி ஓடிவந்தாள். படத்தையே அழித்துவிடலாம்தான். அழித்தால் அப்பாவும் சேர்ந்து போவாரே என்று பயந்தாள். மாலையோ படத்தோடு ஒட்டிப்போயிருந்தது. பூவை அழித்தால் அடியில் வெறும் வெள்ளைதான் வந்தது. அதனால் பக்கத்துச் சட்டையிலிருந்து காக்கியை எடுத்து எடுத்துப் பூவின் மேல் பூசினாள். காலர் வந்தது. பொத்தான்கள் ஒவ்வொன்றாக வந்தன. நெஞ்சருகே இன்னும் ஒரு கொத்துதான் பாக்கி. அது போய்விட்டால் அப்பா எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்று அவள் நிச்சயமாக நம்பினாள்.

கரண்ட் போய்விட்டது. இருண்ட திரையில் அவள் முகம்தான் தெரிந்தது. இவ்வளவு நேரம் செய்ததை ஒருதரம்கூட சேவ் செய்யவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கரண்ட் வந்ததும் படத்தைத் திறந்தாள். ஒரு பூகூடக் குறையாமல் அப்பா மாலையோடு இருந்தார். மறுபடி முதல் பூவில் மவுஸை வைத்தபோது வாசலில் யாரோ செருப்பைக் கழற்றினார்கள்.

சித்தப்பா உள்ளே வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் திரையைப் பார்த்து அப்படியே நின்றார். பொறவு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நாந்தான் முதல்ல சொல்லணும்னு வந்தேன். அதுக்குள்ள யாரு தாயி தாக்கல் சொன்னா?"

அவள் 'மறைவு' என்பதன் கீழே காலியாக இருந்த இடத்துக்கு மவுஸை மெல்ல நகர்த்தினாள். இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டாள்.